கதையைச் சொன்னால் ஆய்வு ஆகிவிடுமா? – வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

அரையாண்டுப் பேப்பர் கைக்கு வந்ததும் பிள்ளைகள் எழுதுகிறார்கள், பெற்றவர்கள் எழுதுகிறார்கள், பேப்பர் திருத்தியவர்களும் எழுதுகிறார்கள். எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: இலக்கியக் கட்டுரையை எப்படி எழுதுவது, எழுதியதை எப்படித் திருத்துவது. அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டீச்சர், நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளி இலக்கிய மன்றத்துக்காக மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ நாவலைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். எங்கள் தமிழம்மா கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘இது கதைச் சுருக்கம், ஆய்வு எங்கே?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கதையைச் சொல்லாமல் எப்படி ஆய்வு எழுத முடியும்?
– மாணவி, குடியாத்தம்

எட்டுப் பக்கம் எழுதிய பிறகு அப்படி ஒரு வரியைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும்தான். ஆனால் உங்கள் தமிழம்மா சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறார்கள்மா. இதைச் சொல்லாமல் ‘நன்று’ என்று போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தால்தான் உனக்கு நஷ்டம்.

கதையைச் சொல்லவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எதற்காகச் சொல்கிறாய் என்பதுதான் விஷயம். சுருக்கம் எழுதுகிறவர் ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று கேட்டுக்கொண்டே போவார், ஆய்வு எழுதுகிறவர் ‘இதை ஏன் இப்படிச் சொல்லியிருக்கிறார்’ என்று ஓரிடத்தில் நின்றுவிடுவார். உன் கட்டுரையை எடுத்து ஒவ்வொரு பத்தியின் முதல் வார்த்தையை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுப் பார். ‘பிறகு’, ‘இதற்கிடையில்’, ‘ஒரு நாள்’, ‘இறுதியில்’ என்றே வந்துகொண்டிருந்தால் நீ நாவலின் பின்னாலேயே நடந்து போயிருக்கிறாய் என்று அர்த்தம்.

இப்போது அந்த நாவலிலேயே ஒரு இடத்தில் நிற்போம். கதையின் நடுவில் இருப்பவன் சந்திரன், படிப்பில் கெட்டிக்காரன், பிறகு தடம் மாறிச் சரிந்து போகிறவன். ஆனால் கதையை அவன் சொல்லவில்லை, அவனுடைய நண்பன் வேலய்யன்தான் சொல்கிறான். சந்திரனைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் வேலய்யன் பார்த்தது, கேட்டது, நினைத்துக்கொண்டது. அப்படியானால் ஒரு கேள்வி எழும்புகிறது இல்லையா: சந்திரனே சொல்லியிருந்தால் இந்தக் கதை இப்படித்தான் இருந்திருக்குமா? வேலய்யன் தன் நண்பனை நியாயமாகத்தான் எடை போடுகிறானா, இல்லை தன் அடக்கமான வாழ்க்கை சரி என்று காட்டவும் அவனுக்குச் சந்திரன் தேவைப்படுகிறானா? இதற்கு நீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கலாம். எந்தப் பக்கம் நின்றாலும் மொத்தக் கதையும் உனக்குத் தேவைப்படாது, மூன்று காட்சி போதும். அந்த மூன்றைத்தான் நீ விரிவாகச் சொல்லப்போகிறாய், எட்டுப் பக்கம் தானாகவே நான்காகிவிடும். இன்னொன்று, வேலய்யன் சொல்வதையெல்லாம் ‘மு.வ. கூறுகிறார்’ என்று எழுதாதே. கதை சொல்பவன் வேறு, எழுதியவர் வேறு. இந்த ஒன்றைச் சரிசெய்தாலே கட்டுரை பாதி நிமிர்ந்துவிடும்.

மு.வ. நம் வாலாஜா பக்கத்து வேலத்தில் வளர்ந்தவர், நாவலிலும் வாலாஜா வருகிறது, பாலாறு வருகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு சந்தோஷம், இருக்கட்டும். ஆனால் முதல் பக்கம் முழுக்க அவர் பிறப்பு, வளர்ப்பு, 1961இல் சாகித்திய அகாதெமி விருது என்று எழுதி நிரப்பியிருப்பாய் என்று நினைக்கிறேன், எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள். உன் கருத்துக்கு உதவாத தகவலைத் தயங்காமல் எடுத்துவிடு.

திருத்துவது எப்படி என்றால், பழைய கட்டுரையை முழுசாக ஒரு தடவை படி. ஏழாவது பக்கத்திலோ எட்டாவது பக்கத்திலோ எங்கேயாவது ‘எனக்கு என்ன தோன்றுகிறது என்றால்’ என்கிற மாதிரி ஒரு வரி தயங்கித் தயங்கி உட்கார்ந்திருக்கும். எழுதிக்கொண்டே போகும்போதுதான் நமக்கு யோசனை வரும், அதனால் நல்ல கருத்து எப்போதும் கடைசியில்தான் முளைக்கிறது. அந்த வரியை ஒரு புதுத்தாளின் தலையில் எழுது. பழையதை மூடி பைக்குள் வைத்துவிடு, பார்த்துப் பார்த்து எழுதாதே. அந்த வரி உண்மைதான் என்று உங்கள் தமிழம்மாவிடம் எதிரில் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்ளவைப்பது போல எழுதிக்கொண்டு போ.

கேள்வி: வணக்கம் மேடம். நான் இங்கிலீஷ் மீடியம், பதினொன்றாம் வகுப்பு. எங்கள் இங்கிலீஷ் மிஸ் எந்தக் கட்டுரை எழுதினாலும் ‘தீசிஸ் ஸ்டேட்மென்ட் எங்கே’ என்று கேட்கிறார். தமிழ்க் கட்டுரைக்கும் அது வேண்டுமா? அது என்னவென்றே எனக்குச் சரியாகப் புரியவில்லை.
– மாணவன், காட்பாடி

வேண்டும் தம்பி, எந்த மொழியில் எழுதினாலும் வேண்டும். கட்டுரை முழுக்க நீ நிலைநாட்டப் போகிற ஒரே கருத்து, அவ்வளவுதான். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: அதை மறுத்துப் பேச வகுப்பில் ஒருவராவது எழுந்திருக்க முடியுமா என்று பார். முடியாது என்றால் அது கருத்தே இல்லை.

எல்லோருக்கும் தெரிந்த குறுந்தொகை 40ஆம் பாட்டையே வைத்துச் சொல்கிறேன், செம்புலப் பெயனீரார் பாடியது.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

‘இப்பாடல் காதலின் சிறப்பை அழகுறக் கூறுகிறது.’ இதை யார் மறுப்பார்கள்? ஒருவரும் மறுக்கமாட்டார்கள், அதனால் அதற்கு மேல் எழுதவும் உனக்கு ஒன்றும் இருக்காது, அழகு, இனிமை, உவமை என்று சுற்றிச்சுற்றி வருவாய். சரி, பாட்டின் அடியில் இருக்கும் துறைக்குறிப்பை, அதாவது யார் யாரிடம் எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்கிற குறிப்பைப் படி. இவன் எங்கே நம்மை விட்டுப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி பயப்படுகிறாள், அந்த முகமாற்றத்தைக் கண்டு தலைவன் சொல்வது இது. அதாவது பயந்துபோய் நிற்கிற ஒரு பெண்ணுக்குச் சொல்கிற பதில். அப்படிப்பட்டவளிடம் ‘உன்னை விட்டுப் போகமாட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டியதுதானே, அவன் ஏன் சொல்லவில்லை? சத்தியம் செய்யாமல் மூன்று கேள்வி கேட்கிறான். என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு, நீயும் நானும் எப்படி ஒருவரையொருவர் அறிந்தோம் என்று. உறவு, ஊர், பழக்கம் என்று ஒரு பெண்ணுக்குப் பிடிமானமாக இருக்கக்கூடிய எல்லாவற்றையும் தானே ஒவ்வொன்றாக இல்லை என்று எடுத்துவிட்டு, கடைசியில் நெஞ்சங்கள் ‘தாம் கலந்தன’ என்கிறான். யாரும் கலக்கவில்லை, தாமாகவே கலந்தன. வருங்காலத்தைப் பற்றி உறுதி தரவில்லை, ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, இனிப் பிரிக்க என்ன இருக்கிறது என்கிறான். செம்மண்ணில் விழுந்த மழைத்தண்ணீரை மறுபடி வெறும் தண்ணீராக யாராலும் எடுக்க முடியாது.

இப்போது கருத்தை எழுது: ‘தலைவியின் அச்சத்தைத் தலைவன் வாக்குறுதியால் போக்கவில்லை, பிரிவு என்பதே இனி இயலாது என்று காட்டிப் போக்குகிறான்.’ இதை ஒருவர் மறுக்கலாம். ‘அவன் வாக்குக் கொடுக்காமல் நழுவுகிறான்’ என்று உன் பக்கத்து பெஞ்சுப் பையன் சொல்லலாம், அதற்கும் பாட்டில் இடம் இருக்கிறது. அவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி எழுது, கட்டுரை சூடுபிடிக்கும். உங்கள் மிஸ் கேட்பதும் இதைத்தான்.

கேள்வி: மதிப்புக்குரிய டீச்சருக்கு, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். ஒரு வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல். கட்டுரை நோட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் இரவெல்லாம் உட்கார்ந்து திருத்துகிறேன். கொடுத்த மறுநிமிடம் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள், அதே தப்பு அடுத்த கட்டுரையிலும். திருத்தி எழுதி வா என்றால் ஒற்றுப்பிழையை மட்டும் சரிசெய்து அதையே காப்பி எடுத்து வருகிறார்கள். என்ன செய்வது?
– ஆசிரியர், பேரணாம்பட்டு

சார், நீங்கள் படும் பாடு எனக்கு நன்றாகப் புரிகிறது, ஆனால் அந்த நோட்டுகளில் வேலை பார்த்தது முழுக்க நீங்கள்தான். பையன் எழுதினான், நீங்கள் திருத்தினீர்கள். அவன் எழுதியதை அவனே பார்க்க வேண்டிய வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள், அதனால் அவனுக்குச் சிவப்பு மை என்பது தண்டனைக் கணக்காகத்தான் தெரிகிறது. சந்திப்பிழை முப்பது இடத்தில் வட்டம் போட்டால் அவன் அந்த முப்பதைத்தான் சரிசெய்வான், கருத்தே இல்லாத கட்டுரை பிழையில்லாமல் திரும்பி வரும்.

முதல் படியில், அதாவது அவன் முதல் தடவை எழுதிக் கொண்டுவருவதில், பிழை திருத்தாதீர்கள். மார்க்கும் போடாதீர்கள். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் கடைசிச் சுற்றுக்கு. அதுவரை என்ன பார்ப்பது என்று கேட்டால், நம்மிடமே அதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது, நன்னூல். பவணந்தி முனிவர் பாயிரத்தில் நூலுக்கு வரக்கூடாத குற்றம் பத்து என்று சொல்லிவைத்தாரே, குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இதை நாம் பிள்ளைகளுக்கு மனப்பாடப் பகுதியாகக் கொடுத்து இரண்டு மார்க் வாங்கவைத்து அதோடு விட்டுவிடுகிறோம், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். கட்டுரையைத் திருத்தி எழுதுகிறவனுக்கு இதைவிடக் கச்சிதமான பட்டியல் எங்கே கிடைக்கும்?

பத்தையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒரு பீரியடில் ஒன்று, போதும். பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், இன்றைக்குக் ‘கூறியது கூறல்’ மட்டும். ஒரே விஷயம் வேறு வார்த்தையில் இரண்டாவது தடவை வந்திருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான் வேலை. இன்னொரு நாள் ‘வெற்றெனத் தொடுத்தல்’. ‘கற்போர் நெஞ்சைக் கொள்ளை கொள்ளும் வண்ணம் தேனினும் இனிய தீந்தமிழில்’ என்று எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றும் குறையவில்லை என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நம் பிள்ளைகளிடம் அதிகம் இருப்பது ‘சென்று தேய்ந்து இறுதல்’. முதல் பக்கம் பிரமாதமாக இருக்கும், மூன்றாம் பக்கத்தில் மூச்சு வாங்கும், முடிவுரையில் முதலில் சொன்னதையே ‘இதுகாறும் கண்டோம்’ என்று போட்டு ஓடிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சத்தம் போட்டு வாசிக்கவைப்பதுதான் வழி. எழுதியவன் வாசிக்கக் கூடாது, பக்கத்துப் பையன் வாசிக்க வேண்டும், எழுதியவன் கேட்க வேண்டும். எங்கே வாசிப்பவன் தடுமாறுகிறானோ, எங்கே குரல் சப்பென்று போகிறதோ, அந்த இடத்தை எழுதியவனே குறித்துக்கொள்வான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒவ்வொரு நோட்டிலும் ஒரே ஒரு கேள்வி எழுதுவது. திட்டு வேண்டாம், பாராட்டும் வேண்டாம், உண்மையிலேயே உங்களுக்குப் பதில் தெரியவேண்டும் என்கிற கேள்வி. ‘தலைவி இங்கே பேசவே இல்லையே, அதை நீ கவனித்தாயா?’ என்கிற மாதிரி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டாவது படியை வாங்காதீர்கள். இரண்டு படிகளையும் சேர்த்துப் பின் போட்டு வாங்குங்கள், இரண்டாவதில் எதை மாற்றினான், ஏன் மாற்றினான் என்று அடியில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள், மார்க்கை அந்த நாலு வரிக்குப் போடுங்கள். முதல் மாதம் முனகுவார்கள் சார், விடாதீர்கள்.

கேள்வி: அம்மா, என் மகன் பிளஸ் டூ. கட்டுரை எழுதச் சொன்னால் போனை எடுத்து ஏஐ-யிடம் கேட்டு அப்படியே நோட்டில் எழுதிவிடுகிறான். கேட்டால் எல்லோரும் இப்படித்தான் என்கிறான். நான் எட்டாவதுதான் படித்தவள், சரியா தப்பா என்று பார்க்கவும் தெரியவில்லை.
– ஒரு தாய், ஆற்காடு

இதைப் பார்க்க நீங்கள் எம்.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை அம்மா. அவன் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், நடுவில் நிறுத்தி ‘இதைப் பாட்டில் எந்த வரியை வச்சுச் சொல்றே?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும். தானாக எழுதியவன் உடனே ஒரு வரியைக் காட்டுவான், தப்பான வரியாகக்கூட இருக்கலாம், பரவாயில்லை. காப்பி எடுத்தவன் விழிப்பான்.

ஏஐ-யில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பழைய பாட்டு விஷயத்தில் அது இல்லாத வரியை இருப்பது போலவே எழுதித் தரும், ஒரு புலவர் பாடியதை இன்னொருவர் தலையில் கட்டும், படிக்க அச்சு அசல் சங்கப்பாட்டு மாதிரியே இருக்கும். அதனால் எந்த மேற்கோளாக இருந்தாலும் பாடப்புத்தகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாத பாட்டென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க இலக்கியம் உரையோடு இலவசமாகவே கிடைக்கிறது, அதே போனில்தான் பார்க்கலாம்.

போனைப் பிடுங்கி வைக்கச் சொல்லமாட்டேன். முதல் படியை அவன் கையால், அவனுக்குத் தோன்றியபடி, எவ்வளவு மோசமாக இருந்தாலும் எழுதட்டும். அதற்குப் பிறகு வேண்டுமானால் ‘நான் எழுதியதில் எந்தப் பத்தி குழப்பமாக இருக்கிறது?’ என்று அதனிடம் கேட்டுக்கொள்ளட்டும். திருத்தி எழுதுவது மறுபடி அவன்தான். யோசிக்கிற வேலையையே கொடுத்துவிட்டால் அவனுக்கென்று எதுவும் மிஞ்சாது, இதை அவனிடம் கோபப்படாமல் சொல்லுங்கள்.

கேள்வி: பரீட்சையில் ‘இலக்கிய நயம் பாராட்டுக’ வருகிறது. கைடில் இருப்பதை அப்படியே எழுதலாமா? நீங்கள் சொல்கிற ஆய்வெல்லாம் பரீட்சையில் எழுத நேரம் ஏது?
– மாணவன், ராணிப்பேட்டை

நியாயமான கேள்வி. திரண்ட கருத்து, மையக்கருத்து, மோனை, எதுகை, அணி, சுவை என்று தலைப்புப் போட்டு எழுதுவதை விட்டுவிடாதே, திருத்துகிறவர் அதைத் தேடுவார், அவருக்கும் நேரம் கிடையாது. ஆனால் ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’, ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’ இரண்டையும் எழுதாதே. திருத்துகிறவர் அன்றைக்குக் காலையிலிருந்து எத்தனை பேப்பரில் அந்த யானையைப் பார்த்திருப்பாரோ.

அந்த வரிக்குப் பதிலாக அந்த எதுகை அந்தப் பாட்டில் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி, ஒரே வரி. மேலே காட்பாடித் தம்பிக்குச் சொன்ன பாட்டையே பார். யாயும் – ஞாயும், எந்தையும் – நுந்தையும். இரண்டு குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பொருள் சொல்கிறது, ஆனால் ஓசை என் தாயையும் உன் தாயையும் ஜோடி சேர்த்துப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. ‘பொருள் பிரித்துச் சொல்வதை எதுகை முன்கூட்டியே சேர்த்துவைக்கிறது’ என்று எழுது. இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது. ஆனால் முன்னாடியே வீட்டில் பத்துப் பாட்டுக்கு இப்படி எழுதிப் பழகியிருக்க வேண்டும், பரீட்சை ஹாலில் திடீரென்று வராது. எழுதி முடித்ததும் மையக்கருத்தை மட்டும் திரும்பப் படித்துப் பார், அது அந்தப் பாட்டுக்கு மட்டும் பொருந்துகிறதா, இல்லை எந்தப் பாட்டுக்கு வேண்டுமானாலும் பொருந்துமா என்று. எதற்கும் பொருந்தும் என்றால் அடித்துவிட்டு வேறு எழுது, ஒரு அடித்தலுக்காக யாரும் மார்க் குறைக்கமாட்டார்கள்.

கேள்வி: கட்டுரையில் கடினமான தூய தமிழ்ச் சொற்களைப் போட்டால்தான் மதிப்பா?
– மாணவி, வாணியம்பாடி

இல்லை. உனக்குப் பொருள் தெரிந்த சொல்லை மட்டும் போடு.

கேள்வி: டீச்சர், மாவட்ட அளவில் கட்டுரைப் போட்டி. ‘மலைபடுகடாமின் சிறப்புகள்’ என்று தலைப்பு எடுத்திருக்கிறேன், எங்கள் ஊர்ப் பாட்டு என்பதால். முன்னுரை தாண்டி நகரவே இல்லை.
– மாணவி, செங்கம்

நல்ல பாட்டை எடுத்திருக்கிறாய், தலைப்புதான் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறது. ‘சிறப்புகள்’ என்று வைத்தால், நன்னன் என்கிற சிற்றரசனைப் புகழும் இந்தச் சங்கப் பாட்டின் 583 அடியில் எதைச் சொல்வது, எதை விடுவது? நன்னன் சிறப்பு, மலைச் சிறப்பு, விருந்துச் சிறப்பு என்று பட்டியல்தான் வரும்.

உங்கள் செங்கம்தான் பாட்டில் வருகிற செங்கண்மா, நன்னனின் ஊர். பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தன் ஒருவன், போக வேண்டிய கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். ஆற்றுப்படை என்றால் ‘அங்கே போ, அவர் வள்ளல், அள்ளித் தருவார்’ என்று ஆசை காட்டுவதுதானே நாம் எதிர்பார்ப்பது? இவனோ பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் பார்த்துப் போ, பாம்பு இருக்கும், வழுக்கும், யானையை விரட்டக் குறவர் எறிகிற கவண்கல் பறந்து வரும் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். மலைவாழ் மக்கள் எப்படி வரவேற்றுச் சோறு போடுவார்கள் என்றும் சொல்கிறான், அதுவும் உண்டு. நன்னனைப் புகழ வந்த பாட்டில் இத்தனை ஆபத்து எதற்கு? கேட்பவர் பயந்து திரும்பிப் போய்விடமாட்டார்களா? மறைக்காமல் சொல்வதால்தான் அவன் நன்னனைப் பற்றிச் சொல்வதையும் நம்புகிறோமா, இல்லை இவ்வளவு கஷ்டப்பட்டுப் போகத் தகுந்தவன் அவன் என்று காட்டவா, இல்லை வேறு ஏதாவதா?

இந்தக் கேள்வியையே தலைப்பாக வை. முன்னுரையை இப்போது எழுதாதே, அது கடைசியில். வழி சொல்கிற பகுதியை மட்டும் உரையோடு எடுத்து வைத்துக்கொண்டு, எச்சரிக்கை வரும் அடிகளை ஒரு பக்கம், விருந்து வரும் அடிகளை எதிர்ப்பக்கம் என்று நோட்டில் எழுது. எது எதற்குப் பின்னால் வருகிறது என்று பார். அங்கிருந்து ஆரம்பி.